நெருங்கியவர் வந்து தங்கும்போது நம் பகுதியை அவரோடு சேர்ந்து பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூரத்தில் வாழும் அம்மாவோ, அண்ணனோ, பள்ளிக்காலத் தோழியோ சில நாள்கள் நம் வீட்டில் வந்து தங்கப்போகிறார் என்று தெரிந்தவுடன் மகிழ்ச்சியோடு ஒரு பதற்றமும் சேர்ந்தே வருகிறது. எங்கே அழைத்துப் போவது, எத்தனை நாள் விடுப்பு எடுப்பது, வீட்டில் என்ன ஏற்பாடு செய்வது என்று கேள்விகள் வரிசையாக எழுகின்றன. வருபவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறவராக மாறாமல், அவருக்கு அருகில் நின்று தாமும் புதிதாகப் பார்க்கிறவராக இருப்பதே நல்ல விருந்தோம்பல் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்கள் அந்த எண்ணத்தை ஒட்டியே எழுதப்பட்டவை.

எங்கள் பகுதியில் பார்ப்பதற்கென்று எதுவுமே இல்லை. வருபவரை எங்கே அழைத்துச் செல்வது?

சுற்றுலாப் பட்டியலில் இடம்பெறும் இடம் எதுவும் இல்லை என்பதைத்தான் நாம் பெரும்பாலும் இப்படிச் சொல்கிறோம். உங்களைப் பார்ப்பதற்காகவே ஒருவர் வருகிறார் என்றால், அவர் முதலில் பார்க்க விரும்புவது நீங்கள் வாழும் வாழ்க்கையை. தொலைபேசிப் பேச்சில் பெயரளவில் மட்டுமே அவருக்குத் தெரிந்திருக்கும் உங்கள் அலுவலகம், மாலையில் நீங்கள் நடக்கும் பூங்கா, பிள்ளைகளின் பள்ளி, வாடிக்கையாகப் போகும் கடை, காய்ச்சல் வந்தால் ஓடும் மருத்துவமனை ஆகியவற்றை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால், ஊர் திரும்பிய பிறகு நீங்கள் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் அவர் மனத்தில் ஓர் இடத்தோடு சேர்ந்து பதியும். ஆகவே முதல் உலா உங்கள் வழக்கமான நாளின் தடத்திலேயே அமையட்டும். தொலைவில் உள்ள புகழ்பெற்ற இடத்துக்கு அதற்குப் பிறகு போகலாம். போகாவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

பல ஆண்டுகளாக வாழும் இடமே நம் கண்ணில் படாமல் போவது ஏன்?

மாறாமல் திரும்பத் திரும்ப வரும் எதையும் கவனத்திலிருந்து விலக்கிவிடுவது மூளையின் இயல்பு. கடிகாரத்தின் ஓசை சிறிது நேரத்தில் காதில் விழாமல் போவதைப் போலவே, தினமும் கடக்கும் தெருமுனைக் கட்டடமும் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. அதோடு, நாம் நம் பகுதியைப் பெரும்பாலும் ஒரு சில வழிகளில் மட்டுமே, அதுவும் வேறு எதையோ நினைத்துக்கொண்டே கடக்கிறோம். வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து வேலையிடம் என்ற தடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பது கூட நமக்கு அயலூராகவே இருக்கும்.

அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று நகரங்களில் வாழ்பவர்களைத் தம் நகரத்தின் வரைபடத்தை நினைவிலிருந்தே வரையச் சொல்லி ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1960-இல் வெளியிட்டார். மக்கள் ஓர் ஊரைப் பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், கூடுமிடங்கள், அடையாளக் குறிகள் என்ற ஐந்தைக் கொண்டே மனத்தில் அமைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். வருபவர் வருவதற்கு முன் உங்கள் பகுதியை ஒரு தாளில் நினைவிலிருந்து வரையுங்கள். எந்தப் பக்கம் வெறுமையாக நிற்கிறதோ, அந்தப் பக்கம்தான் நீங்கள் இருவரும் சேர்ந்து நடக்க வேண்டிய பக்கம். வந்தவரும் மூன்று நான்கு நாள் கழித்து ஒன்று வரையட்டும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பேசினால் ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது. நீங்கள் கவனிக்காத அடையாளம் ஒன்றை அவர் பெரிதாக வரைந்திருப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. கைப்பேசி வழிகாட்டும் திசையிலேயே நடப்பவர்களுக்கு, தாங்களே வழி பார்த்து நடப்பவர்களைவிட அந்த வழி மனத்தில் குறைவாகவே பதிகிறது என்பது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. நெருங்கியவரோடு நடக்கும்போதாவது வழிகாட்டும் குரலை அணைத்துவிடுங்கள். உங்கள் சொந்தப் பகுதியில் வழி தவறினால் நேரும் கேடு எதுவுமில்லை.

வருவதற்கு முன்பே அவரிடம் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

"உனக்கு என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டால், "நீ எங்கே கூட்டிப்போனாலும் சரி" என்ற பதில்தான் வரும். பெரியவர்கள் நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றே அப்படிச் சொல்வார்கள். அதனால் கேள்விகளைக் குறிப்பாகக் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், மதியம் படுக்கும் வழக்கம் உண்டா, நிற்காமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது, படி ஏறும்போது மூட்டு வலிக்கிறதா, என்ன மருந்துகள் சாப்பிடுகிறார், எந்த உணவை விலக்கியிருக்கிறார், தனியாக வெளியே போய்வர விரும்புவாரா என்பவை தெரிந்தால் பாதித் திட்டம் தானாகவே அமைந்துவிடும். "போன முறை பேசும்போது நான் சொன்ன இடங்களில் எதை நேரில் பார்க்கத் தோன்றியது?" என்று கேட்பது இன்னும் நல்லது, ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல எவருக்கும் தயக்கம் இருக்காது.

வேறு நாட்டிலிருந்து வருபவராக இருந்தால், வீட்டில் தங்க வைப்பவர் அந்த விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி சில நாடுகளில் உண்டு. உங்கள் நாட்டின் குடியேற்றத் துறைத் தளத்தில் இதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

நீண்ட பயணம் செய்து வருகிறார். முதல் ஒன்றிரண்டு நாளில் என்ன செய்யலாம்?

மிகக் குறைவாகச் செய்யலாம். பழகாத இடத்தில் முதல் இரவு யாருக்கும் நன்றாக உறக்கம் வருவதில்லை. இது வெறும் மனப்பிரமை இல்லை: 2016-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புதிய இடத்தில் உறங்கும் முதல் இரவில் மூளையின் இடப் பாதி வலப் பாதியைவிட விழிப்பாகவே இருப்பதைக் கண்டறிந்தார்கள். ஆகவே நீங்கள் எவ்வளவு நல்ல படுக்கை விரித்துக் கொடுத்திருந்தாலும் மறுநாள் காலை அவர் சோர்வாக எழுந்தால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வழக்கமாக வைத்துக்கொள்ளும் தலையணையின் உயரம், கதவு திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா, இருட்டா சிறு வெளிச்சமா என்பவற்றைக் கேட்டுச் செய்தால் இரண்டாம் இரவு எளிதாகும்.

பல நேர மண்டலங்களைக் கடந்து வந்திருந்தால் ஜெட் லாக் எனப்படும், நேர வித்தியாசத்தால் உறக்கம் குலைந்து வரும் சோர்வும் சேர்ந்துகொள்ளும். நம் உடலின் உள்கடிகாரச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. அதனால் நாளை நீட்டிக்கொள்வது உடலுக்கு எளிது, சுருக்கிக்கொள்வது கடினம். மேற்கு நோக்கி வருபவரைவிடக் கிழக்கு நோக்கி வருபவர் அதிகம் சிரமப்படுவதற்குக் காரணம் இதுதான். கிழக்கு நோக்கி வந்தால் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உள்கடிகாரத்தைத் திருத்துவதில் வெயில் வெளிச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஐந்தாறு மணி நேரம் வரையிலான கிழக்குப் பயணம் என்றால் காலை வெளிச்சத்தில் ஒரு சிறு நடை நல்லது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடிகாலை வெளிச்சம் கடிகாரத்தை எதிர்த்திசையில் தள்ளிவிடக்கூடும் என்பதால், முதல் ஓரிரு நாள் முற்பகலை வீட்டுக்குள் கழித்துவிட்டுப் பிற்பகலில் வெளியே போவது பொருத்தம்.

உலகச் சுகாதார நிறுவனம், நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்வது கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று சொல்கிறது. ஆகவே பயணம் முடிந்து வந்தவரை உடனே மறுபடி காரில் ஏற்றி நீண்ட தூரம் கொண்டுபோக வேண்டாம். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ இருந்தாலும், மூச்சுத் திணறினாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நாளில் எத்தனை இடங்களுக்குப் போகலாம்?

ஒன்று. மனமும் உடலும் இடம் கொடுத்தால் மாலையில் இன்னொன்று. திட்டத் தாளில் ஐந்து இடங்களை எழுதிவிட்டு, மூன்றாவது இடத்திலேயே முகம் வாடிய மனிதரை இழுத்துக்கொண்டு நடப்பதுதான் வீட்டுக்காரர்கள் அன்பினாலேயே செய்துவிடும் கொடுமை.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன், 1916-இல் அருங்காட்சியகச் சோர்வு என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். ஒரு பார்வையாளர் காட்சிப்பெட்டிகளைப் பார்க்கக் குனிந்தும் வளைந்தும் எட்டியும் படும் பாட்டைப் படம் பிடித்துக் காட்டி, சோர்வுக்கு அந்த அமைப்பே காரணம் என்றார். பார்வையாளரின் கவனம் முதல் அரை மணி, முக்கால் மணி நேரம் வரைதான் கூர்மையாக இருக்கிறது என்றும், பிறகு சட்டென்று குறைகிறது என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின. அருங்காட்சியகத்துக்கு மட்டுமன்றித் தெரு உலாவுக்கும் இதே அளவைக் கொள்ளலாம் என்று நான் நினைக்கிறேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை உட்கார ஓர் இடம், குடிக்க ஏதாவது, பேச்சுக்குச் சிறிது நேரம் என்று அமைத்தால் உலாவின் இரண்டாம் பாதியும் இனிமையாக இருக்கும்.

வருபவர் வயதானவர், அல்லது நடக்கச் சிரமப்படுபவர். வெளியே அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக அழைத்துச் செல்லலாம், செல்லவும் வேண்டும். "அம்மாவால் முடியாது" என்று நாமே முடிவு கட்டி வீட்டிலேயே உட்கார வைப்பது மரியாதை ஆகாது. அதற்கு முந்தின நாள் நீங்கள் மட்டும் அந்த வழியில் ஒரு முறை நடந்து பாருங்கள். எங்கே உட்கார இடம் இருக்கிறது, கழிப்பறை எங்கே இருக்கிறது, அது தரைத்தளத்தில் இருக்கிறதா, எத்தனை படி ஏற வேண்டும், கைப்பிடி உண்டா, எந்தப் பக்கம் நிழல் விழுகிறது, சாலையைக் கடக்கப் போதிய நேரம் கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்து வாருங்கள். இந்த ஒரு நடையிலேயே உங்கள் பகுதி உங்களுக்கு வேறாகத் தெரியத் தொடங்கும். இத்தனை ஆண்டுகள் நடந்த நடைபாதையில் சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு கூட இல்லை என்பதை அன்றுதான் கவனிப்பீர்கள்.

வயதாகும்போது தாக உணர்ச்சி மங்குகிறது. அதனால் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே தண்ணீரை நீட்ட வேண்டும். அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் வெளிச்சம் இருபது வயதுக்காரருடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், உங்களுக்குப் போதுமான வெளிச்சம் அவருக்குப் போதாது. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவில் எரியும் சிறு விளக்கு வையுங்கள், வழுக்கும் தரைவிரிப்புகளை எடுத்துவிடுங்கள், குளியலறைத் தரையை உலர்வாக வையுங்கள். பழகாத வீட்டில் நள்ளிரவில் எழுந்து நடக்கும் அந்தச் சில அடிகளில்தான் விழும் வாய்ப்பு அதிகம்.

இன்சுலின் கொண்டுவந்திருந்தால், பிரிக்காத மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடக் கூடாது. நேர மண்டலம் மாறினால் மருந்து சாப்பிடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதைப் புறப்படும் முன்பே அவர் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

குழந்தைகளும் உடன் வருகிறார்கள். அவர்களுக்கென்று தனித் திட்டம் வேண்டுமா?

வேண்டாம். வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஒரு மணி நேரம் அவர்கள் கையில் கொடுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இடமா வலமா என்று அவர்களே சொல்லட்டும். நீங்கள் ஒருபோதும் நுழையாத சந்துக்குள் அவர்கள் உங்களைக் கொண்டுபோவார்கள்.

விருந்தினர் இருக்கும் நாள்களில் நான் வேலைக்குப் போயாக வேண்டும். அவர் தனியாக இருந்தால் வருந்த மாட்டாரா?

எல்லா நாளும் விடுப்பு எடுத்து உடன் இருப்பதைவிட, சில மணி நேரமாவது அவரைத் தனியாக விடுவது இருவருக்குமே நல்லது என்பேன். வீட்டுச் சாவி ஒன்று, வைஃபை கடவுச்சொல், முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று, அவசரத்துக்கு அழைக்க அக்கம்பக்கத்தார் ஒருவரின் அறிமுகம் ஆகிய நான்கையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். சாவியைக் கையில் கொடுப்பது பெரிய செயல். அதன் பிறகு அவர் உங்கள் வீட்டில் அனுமதி கேட்டு நடமாடுவதில்லை. அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது, வெந்நீர் எப்படி வரும், கதவு எப்படிப் பூட்டும் என்பவற்றைச் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு முறை அவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

தனியாகப் போய்வந்தவர் மாலையில் சொல்லும் செய்திகளைக் கவனமாகக் கேளுங்கள். மூலைக் கடைக்காரரின் பெயர் அவருக்கு இரண்டாம் நாளே தெரிந்திருக்கும். அடுத்த தெருவில் யாரோ ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்து தினமும் செய்தித்தாள் படிப்பதை அவர் சொல்லித்தான் நீங்கள் அறிவீர்கள். வேலைக்கு விரைகிறவருக்குக் கிடைக்காத பகல்நேர ஊர் அவருக்குக் கிடைக்கிறது. அந்த விஷயத்தில் அவர்தான் உங்களுக்கு வழிகாட்டி.

எங்கள் பகுதியின் வரலாறு எனக்கே தெரியாது. கேட்டால் என்ன சொல்வது?

தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து தேடுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் சேர்ந்து தேடும் அந்த ஒரு பிற்பகல், படித்து ஒப்பிக்கும் வரலாற்றைவிடப் பல மடங்கு நினைவில் நிற்கும்.

தெருவிலிருந்தே தொடங்கலாம். கட்டடங்களின் கீழ்த்தளம் கடைக்கும் விளம்பரத்துக்கும் ஏற்பப் பல முறை மாறியிருக்கும். மேல்தளத்தின் சன்னல், கூரை விளிம்பு, சுவர் வேலைப்பாடு பெரும்பாலும் பழையபடியே இருக்கும். ஆகவே எதிர்ப்பக்கத்தில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். மற்ற தெருக்கள் நேராக இருக்க ஒன்று மட்டும் காரணமில்லாமல் வளைந்து போனால், அது பழைய ஓடையையோ வயல் வரப்பையோ ஒட்டி அமைந்ததாக இருக்கலாம். மழை பெய்யும்போது எப்போதும் ஒரே இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்றால், அங்கே முன்பு நீர்நிலையோ வாய்க்காலோ இருந்ததா என்று விசாரிக்கலாம். சாலையைவிட வயது முதிர்ந்த மரங்கள் வரிசையாக நின்றால், அவை ஒரு காலத்தில் ஏதோ ஒரு நிலத்தின் எல்லையாக நின்றவையாக இருக்கக்கூடும். அடிக்கல் கல்வெட்டுகள், பாலத்தில் பொறித்த ஆண்டு, நில அளவைக் கற்கள், சாக்கடை மூடியில் வார்த்த எழுத்துகள் என்று படிப்பதற்கு வழியெங்கும் இருக்கின்றன.

இப்படி எழும் ஐயங்களோடு பொது நூலகத்துக்குப் போங்கள். பல நூலகங்களில் உள்ளூர் வரலாற்றுக்கென்று தனி அலமாரியாவது இருக்கும். ஆவணக் காப்பகங்களில் பழைய நில அளவைப் படங்களும் நிழற்படங்களும் கிடைக்கும். பழைய படத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எடுத்தவர் எங்கே நின்றாரோ அந்த இடத்தைத் தேடிப் போய் நிற்பது இருவர் சேர்ந்து செய்வதற்கு மிகவும் ஏற்ற வேலை. ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் நின்று பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில், வாகன வழி காட்டும் படங்களில் இல்லாத ஒற்றையடிப் பாதைகளையும் குறுக்குச் சந்துகளையும் பல ஊர்களில் காணலாம். விடுபட்டதை நீங்களே சேர்க்கவும் செய்யலாம்.

செடி கொடி, பறவைகளில் ஆர்வம் உள்ளவர் என்றால் 2008-இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தை ஏற்றி அடையாளம் கேட்கலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, உலகின் பல பகுதிகளில், கேட்கும் குரலை வைத்தே பறவையின் பெயரைச் சொல்லும்.

வருகையின் நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் சில நாள்களைக் கவனத்தில் கொள்ளலாம். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள். மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள், 1977 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்த நாள்களையொட்டிப் பல நாடுகளில் சிறப்பு நிகழ்ச்சிகளும் இலவச அனுமதியும் உண்டு. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேகப்ஸின் நினைவாக 2007-இல் டொரோண்டோவில் தொடங்கிய ஜேன்ஸ் வாக் என்ற இலவச நடைகள், இப்போது உலகின் பல நகரங்களில் மே மாத முதல் வார இறுதியையொட்டி நடக்கின்றன. குடியிருப்பவர்களே தங்கள் தெருக்களைப் பற்றிப் பேசியபடி நடத்திச் செல்லும் இந்த நடைகள் நாம் இங்கே பேசும் விஷயத்துக்கு மிக நெருக்கமானவை.

வருபவர் ஒரு காலத்தில் இதே பகுதியில் வாழ்ந்தவர். எல்லாம் மாறிவிட்டது என்று வருந்துகிறார். எப்படி ஆறுதல் சொல்வது?

ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள். இருந்த இடத்தில் இல்லாததைப் பார்க்கும் துயரம் உண்மையானது. "காலம் மாறத்தானே செய்யும்" என்ற சொல் அந்தத் துயரத்தைச் சிறுமைப்படுத்தும். ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சிகளையே முதியவர்கள் மிகுதியாக நினைவுகூர்கிறார்கள் என்பது நினைவைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அந்த வயதில் அவர் இங்கே வாழ்ந்திருந்தால், இந்தத் தெருக்களில் உங்களுக்குத் தெரியாத இன்னோர் ஊரே அவருக்குத் தெரிகிறது என்று பொருள்.

அந்த ஊருக்குள் உங்களை அழைத்துப் போகச் சொல்லுங்கள். "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்பதோடு நிற்காமல், "பள்ளியிலிருந்து வீட்டுக்கு எந்த வழியாக வருவீர்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள், யார் வீட்டு வாசலைக் கடக்கும்போது பயப்படுவீர்கள்?" என்று கேளுங்கள். இத்தகைய கேள்விகளுக்குக் கால்களே பதில் சொல்லும். உட்கார்ந்தபடி நினைவுக்கு வராதது, அந்தத் திருப்பத்தில் நிற்கும்போது வந்துவிடும். அனுமதி கேட்டு அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் நிற்கும் இடத்தையும் சொல்லிவிட்டால் பிற்காலத்தில் தேடுவது எளிது. அவர் சொல்லும் ஆண்டோ பெயரோ தவறு என்று தோன்றினாலும் நடுவில் திருத்த வேண்டாம், பிறகு சரிபார்க்கலாம்.

வாழ்ந்த வீட்டைப் பார்க்க விரும்பினால், இப்போது அங்கே இருப்பவர்களிடம் முன்னதாக ஒருவர் போய்க் கேட்டு வைப்பது நல்லது. வீடு இடிக்கப்பட்டுவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதை மறைக்காமல் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் போகலாம் என்று அவர் சொன்னால் போங்கள்.

நானே இந்த ஊருக்குப் புதிது. என் பகுதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

நீங்கள் வாடகை கொடுத்து, வேலை பார்த்து, உறங்கி எழும் இடம் உங்கள் பகுதிதான். குடியேறியவர்களுக்கு நெருங்கியவரின் வருகை இன்னும் பெரிய நிகழ்ச்சி என்றுகூட நான் கருதுகிறேன். வந்த புதிதில் வழி தெரியாமல் நின்ற நிறுத்தத்தை இன்று ஒருவருக்குக் காட்டி, இந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று சொல்லும்போதுதான், இந்த இடம் உங்களுக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியவரும்.

வந்தவருக்கு எங்கள் பகுதி பிடிக்கவில்லை. எதைப் பார்த்தாலும் தம் ஊரோடு ஒப்பிட்டுக் குறை சொல்கிறார். என்ன செய்வது?

ஒப்பிடுவது புதிய இடத்தைப் புரிந்துகொள்ள எல்லோரும் கையாளும் வழி. அதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. உங்கள் ஊருக்காக வாதாட வேண்டிய அவசியமும் இல்லை. "அங்கே இது எப்படி இருக்கும்?" என்று திருப்பிக் கேட்டால் குறை சொல்லும் பேச்சு கதை சொல்லும் பேச்சாக மாறிவிடும். சில சமயம் அவர் சொல்லும் குறை நியாயமானதாகவும், நாம் பழகிப்போய்ப் பொறுத்துக்கொண்டதாகவும் இருக்கும். அப்போது ஒப்புக்கொள்ளுங்கள். அவர் குறைகூறுவது தெருக்களைப் பற்றி இல்லாமல், நீங்கள் தொலைவில் வாழ்வதைப் பற்றிய வருத்தமாகவும் இருக்கலாம். அப்படித் தோன்றினால் ஊரை விட்டுவிட்டு அதைப் பற்றி நேரடியாகப் பேசுங்கள்.

செலவை யார் ஏற்பது?

முன்கூட்டியே பேசிவிடுங்கள். வந்தவரை ஒரு பைசாவும் செலவழிக்க விடமாட்டேன் என்று வீட்டுக்காரர் நிற்பது அன்புதான்; ஆனால் நீண்ட நாள் தங்குபவருக்கு அது பாரமாகிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டையோ வீட்டுச் சாமான் வாங்குவதையோ அவர் பொறுப்பில் விட்டால் நிம்மதியாகத் தங்குவார்.

நாள் முழுக்கப் படம் எடுப்பது சரியா?

உலாவின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். அவர் எதைப் பார்த்துக்கொண்டு நின்றாரோ அதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அவரை மட்டுமே எடுத்த படங்களில் அந்தச் செய்தி இருக்காது. தெருவில் எதிர்ப்படும் மற்றவர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, கேட்காமல் எடுக்க வேண்டாம். வீட்டு முகவரி தெரியும் படங்களைப் பொதுவெளியில் போடுவதையும் தவிருங்கள்.

புறப்படும் நாளை எப்படி அமைப்பது?

ஓர் அனுபவத்தை நினைவுகூரும்போது அதன் உச்சமும் முடிவுமே நம் மதிப்பீட்டைத் தீர்மானிக்கின்றன, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பெரிதாகக் கணக்கில் வருவதில்லை என்பது உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் காட்டிய ஒன்று. 1993-இல் வெளியான சோதனையில், குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தவர்கள், வேறொரு முறை அதே 60 விநாடிக்குப் பின் நீரின் குளிர்ச்சியைச் சற்றே குறைத்து மேலும் 30 விநாடி வைத்திருந்தார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் அதன் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது.

ஆகவே கடைசி நாளில் மூட்டை கட்டும் பரபரப்பையும் விட்டுப்போன இடங்களையும் சேர்த்துத் திணிக்காதீர்கள். பெட்டியை முந்தின நாள் மாலையே அடுக்கி, எடையும் பார்த்துவிடுங்கள். மருந்து, பயண ஆவணம், மின்னேற்றி, கண்ணாடி ஆகிய நான்கும் கைப்பையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசிக் காலையில், அந்த நாள்களில் அவருக்கு மிகவும் பிடித்துப்போன வழியில் இன்னொரு முறை மெதுவாக நடந்து வாருங்கள். புதிய இடம் வேண்டாம்.

அவர் போன பிறகு வீடே வெறிச்சோடிப் போகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

அந்த வெறுமை சில நாள் இருக்கத்தான் செய்யும், அதை உடனே நிரப்ப முயல வேண்டாம். ஆனால் தங்கியிருந்த நாள்களில் பதில் கிடைக்காமல் நின்ற கேள்விகள் சில இருக்குமே, அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். அந்த வளைந்த தெருவுக்குக் காரணம் என்ன, மேல்தளத்தில் பொறித்திருந்த பெயர் யாருடையது, அடையாளம் தெரியாத அந்த மரம் எது என்று ஒவ்வொன்றாக விசாரித்து, விடை கிடைக்கும்போது படத்தோடு அவருக்கு அனுப்புங்கள். அவர் பெயர் தெரிந்துகொண்ட கடைக்காரரும், அவரைத் தினமும் பார்த்துப் பழகிய அண்டை வீட்டாரும் உங்களிடம் அவரைப் பற்றி விசாரிப்பார்கள். அதையும் அடுத்த தொலைபேசிப் பேச்சில் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.